சும்மா உட்கார ஒரு குளம்

ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதை நம் ஊர் மன்னிப்பதில்லை. திண்ணையில் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். "உடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்பார். "வீட்ல ஏதும் சண்டையா?" என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்துவார். மூன்றாமவர் எதுவும் கேட்க மாட்டார். ரேஷன் கடைக்குத் துணைக்கு அழைத்துப் போய்த் தன் பையோடு உங்களை வரிசையில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதே ஆள் கையில் ஒரு மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருக்கட்டும். "பேசாத வாடா, மாமா மீன் பிடிக்கிறாரு" என்று பிள்ளைகளை அதட்டி அழைத்துப் போவார்கள். இரண்டு இடத்திலும் அவன் செய்வது ஒன்றேதான். தூண்டிலின் மகிமை அப்படி.

ஓய்வு பெற்றுத் திருவாரூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது இந்த மகிமையை அடைவது ஒன்றுதான் என் லட்சியம். டெல்டாவில் தூண்டில் போட இடத்துக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். ஊர்க் குளம் மீன்பாசிக் குத்தகைக்குப் போயிருக்கிறது. எடுத்தவர் கரையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். தூங்குகிறாரா இல்லையா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாய்க்காலை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. தூண்டில் முள் இலைமேல் விழுந்து இலைமேலேயே காலம் தள்ளும். ஆறுகளிலோ வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. எனவே கொல்லையிலேயே ஒரு குளம் வெட்டுவது என்று தீர்மானித்தேன்.

"மீன் வேணும்னா வாசல்லயே வண்டி வருதேங்க. ஒரு கிலோ கெண்டைக்கு ஒரு குளமா?" என்றாள் மனைவி.

மீன் எனக்கு முக்கியமில்லை, பிடிப்பதுதான் முக்கியம் என்று விளக்கினேன். அப்படியானால் பிடித்து விட்டுவிடுவீர்களா என்று கேட்டாள். அது எப்படி, சாப்பிடத்தான் வேண்டும் என்றேன். அதற்குமேல் அவள் தர்க்கம் செய்யவில்லை; நிபந்தனைகளுக்குப் போய்விட்டாள். துணி காயப்போடும் கொடிக்கம்பி நகரக் கூடாது. முருங்கை மரத்தின்மேல் ஒரு கீறல் விழக் கூடாது. கொசு வந்தால் குளத்தை மூடும் செலவும் என்னுடையது.

குளம் என்றால் எவ்வளவு பெரிய குளம்? திருவாரூர்க்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. கோயில் ஐந்து வேலி, கமலாலயம் ஐந்து வேலி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். ஐந்து வேலி 33 ஏக்கருக்கு மேல். என் கொல்லையில் கொடிக்கம்பியும் முருங்கையும் மாட்டுக்கொட்டகையும் போக மிஞ்சியது ஐம்பதடிக்கு நாற்பதடி. 2,000 சதுர அடி, அதாவது நாலரை சென்ட் சொச்சம். ஊரில் இதைச் சொன்னபோது, "தெப்பம் எப்ப விடுறீங்க?" என்று விசாரித்தார்கள்.

மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் மானியம் உண்டென்று ஒரு தகவல் வந்தது. உண்மைதான். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் வந்தது. பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். "அக்கா பேர்ல போடுங்க அத்தான், 20 சதவீதம் லாபம்" என்றார் மைத்துனர். "என் பேர்ல குளம்னா மீனும் என்னது" என்றாள் அக்கா. சண்டை முற்றுவதற்குள், அங்கே குளங்களை ஹெக்டேரில் அளக்கிறார்கள் என்பது தெரியவந்தது. ஹெக்டேர் கணக்கில் என் குளம் 0.0186. அந்த எண்ணை ஒரு விண்ணப்பத்தில் எழுத என் தன்மானம் இடம் தரவில்லை.

அடுத்தது இடம். மைத்துனர் வாஸ்து படித்தவர், யூடியூபில். "தண்ணி ஈசானியத்துலதான் இருக்கணும் அத்தான்" என்றார். ஈசானிய மூலையில், வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுப் புளியமரம் நிற்கிறது. மீன் குளத்துக்கு வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் தண்ணீர் பச்சை கட்டாது. புளிய இலை ஓயாமல் உதிர்ந்து அடியில் அழுகினால், அழுகுவதற்கு வேண்டிய பிராணவாயுவை மீனிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் மைத்துனர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், ஈசானியத்தைக் காம்பவுண்டிலிருந்து அளக்கக் கூடாது, அடுப்படியிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். மூலை முப்பதடி நகர்ந்து நல்ல வெயிலுக்கு வந்தது. சாஸ்திரத்தில் இவ்வளவு இடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மண்ணைப் பார்க்கப் பெரியப்பா வந்தார். எண்பது தாண்டியவர், ஊரில் எந்த மண்ணும் அவர் பார்க்காமல் வெட்டுப்படாது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போடச் சொல்லி, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார். சொம்புத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பிசைந்தார். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, தலைக்குமேல் தூக்கிப் போட்டுத் திரும்பப் பிடித்தார். உருண்டை உடையவில்லை. பிறகு அதையே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரித்து, வளைத்து மோதிரம் செய்தார். விரிசல் இல்லை. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். கடலோர ஜில்லாவில் மண்ணில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர் வைத்திருக்கும் கருவி அது. துப்பிவிட்டு, "களி. தண்ணி நிக்கும்" என்றார். அந்த மோதிரத்தைப் பேத்தி வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால் இதையே ஒரு பக்கத்துக்கு எழுதித் தருவார்கள். அவர்கள் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

கோடை உழவு முடிந்து, மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும் என்று வைகாசியில் ஜேசிபியை வரவழைத்தேன். ஜேசிபி மண் தோண்டுவதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நாடே சிரித்தாயிற்று. எங்கள் ஊர்க் கூட்டம் அதில் சேர்த்தி இல்லை. அவர்கள் வந்தது வேறு காரணத்துக்கு. ஒரு மனிதன் தன் சொந்தக் காசில் இவ்வளவு பெரிய பள்ளத்தை மீன் பிடிப்பதற்காகத் தோண்டுவான் என்பதை ஒருவரும் நம்பவில்லை. புதையல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சோழநாட்டில் எவன் எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் ஒரு சிலை எழுந்து வரும் வாய்ப்பு உண்டு. 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலை வேலைக்குத் தோண்டியபோதுதான் ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கூட்டமாகக் கிடைத்தன. ஊரில் சட்டம் தெரிந்த ஒருவர், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்குமேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று கரையில் நின்று அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருந்தார். 1878-இல் பத்து ரூபாய்க்கு ஒரு பசுமாடே வந்திருக்கும். இன்று புளிய இலையைத் தவிர மற்ற எல்லாமே பத்து ரூபாய்க்கு மேல்தான்.

நாலடி ஆழத்தில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூட்டம் ஒரே எட்டில் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது. ஜேசிபி தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். வெளியே வந்தது ஒரு பித்தளைச் செம்பு, வாய் நசுங்கியது. பெரியப்பா அதை வாங்கித் துடைத்து, அடியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். எங்கள் தாத்தாவின் பெயர். எல்லோரும் மறந்துபோன பழைய கிணறு ஒன்று அங்கே இருந்து தூர்ந்திருக்க வேண்டும். இந்தச் செம்பைக் காணவில்லை என்றுதான் ஒரு தீபாவளியன்று சின்ன அத்தையின்மேல் சந்தேகப்பட்டு, அவர் கோபித்துக்கொண்டு போய், இந்த வீட்டு வாசற்படி மிதிக்காமல் இருந்தார். கலெக்டருக்குச் சொல்வதா, சின்ன அத்தைக்குச் சொல்வதா என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. கலெக்டரிடம் என்றால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். அத்தையிடம் பெரியப்பா நேரில் போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது.

குளத்தின் சரிவு விஷயத்தில் ஜேசிபி தம்பிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அவர் செங்குத்தாக, கத்தி வைத்து வெட்டிய மாதிரி இறக்கிக்கொண்டே போனார். அதுதான் அவருடைய தொழில் பெருமை. களிமண் குளத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடியாவது சரிவு வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் வெடித்து, முதல் மழையில் கரை முழுக்க உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அதைவிட முக்கியம், தவறி விழும் பிள்ளை ஏறி வர ஒரு வழி வேண்டும். "சரிவு வச்சா அடியில இடம் சுருங்கிடும் சார், பாக்கவும் நல்லா இருக்காது" என்றார் தம்பி. கணக்கு அவர் சொன்னதுதான்: ஆறடி ஆழத்துக்கு நாலு பக்கமும் ஒன்பதடி சரிவு விட்டால், மேலே ஐம்பதுக்கு நாற்பது, அடியில் முப்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு. ஆனால் மீன் அழகு பார்க்காது. கீழே போகப் போகக் குளம் குறுகுவதைப் பார்த்த மனைவி, கடைசியில் ஒரு குண்டானாவது மிஞ்சுமா என்று கேட்டாள்.

குழி வெட்டுகிறவர்கள் எல்லோரும் குழியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். மண்ணைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எங்கள் பள்ளத்திலிருந்து ஏறக்குறைய 78 யூனிட் மண் வந்தது. ஒரு யூனிட் நூறு கன அடி. அதுவும் மண்ணுக்குள் இறுகிக் கிடந்தபோதுதான் 78. வெளியே வந்து உதிர்ந்ததும் நூற்றை நெருங்கிவிட்டது. ஊருக்கு வெளியே ஏற்றி விற்கலாம் என்றால் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகள் குறுக்கே நிற்கின்றன. கொஞ்சத்தைக் கரை உயர்த்தப் போட்டோம். மிச்சம் கொல்லையின் நடுவே ஒரு மலையாக எழுந்தது. கடைமடைப் பகுதியில் மலை என்பது அபூர்வ வஸ்து. பையன்கள் ஏறி நின்று மன்னார்குடி கோபுரம் தெரிகிறது என்றார்கள். தெரியாது. கொடிக்கம்பிக்கு வெயில் மறைத்தது மட்டும் தெரிந்தது. முதல் நிபந்தனை மீறப்பட்டதாக எனக்கு நோட்டீஸ் வந்தது. பிறகு தெருவில் பள்ளமான கொல்லை வைத்திருப்பவர்களெல்லாம் வந்து அள்ளிப் போனார்கள். ஆளுக்கு இரண்டு வண்டி மண். அதற்குப் பதில் ஆளுக்கு இரண்டு யோசனை.

அடியையும் சரிவையும் ஈரம் தெளித்துத் திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். நீர் நிற்பதற்குப் பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொன்னவர்கள் உண்டு. மணல் பூமிக்கு அது அவசியம். களிக்கு வீண் செலவு. தண்ணீர் இரண்டு வழியில் வரலாம். போர்த் தண்ணீர் சுத்தம். சுத்தம்தான் அதன் குறை. அதில் பிராணவாயுவும் குறைவு, மீன் தின்ன ஒரு துரும்பும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் சாப்பாட்டோடு வரும். கூடவே விருந்தாளிகளையும் கூட்டி வரும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், அது கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர ஒரு கல்யாணமே நடத்தி முடித்துவிடலாம். வந்ததும் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தோம். குழாய் வாயில் நெருக்கமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். ஒரே ஒரு விரால் குஞ்சு உள்ளே போய்விட்டால் போதும், மற்றதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். "வாய்க்கால் மீனைக் காசில்லாம உள்ள விடாம, எதுக்குண்ணே வலை கட்டுறீங்க?" என்று பம்புசெட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

இங்கிருந்துதான் என் மனைவிக்கு என்மேல் மெய்யான கவலை ஆரம்பித்தது. இதுவரை நான் செய்தது செலவு. இனிமேல் செய்தது அவள் கண்ணுக்குப் பைத்தியம். மீனே இல்லாத குளத்துக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தேன்.

முதலில் சுண்ணாம்பு. ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ என்பது பொதுக் கணக்கு. எங்கள் குளத்துக்கு ஐந்து கிலோ. மண்ணின் புளிப்பை எடுக்கும், கிருமியைக் குறைக்கும், கார அமில நிலையை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே நிறுத்தும். ஒரு வாரம் விட்டுச் சாணம். தெருவில் மாடு வைத்திருக்கும் அம்மாவிடம் நாற்பது கிலோ பச்சைச் சாணம் சொல்லியிருந்தேன். "வாசத் தெளிக்கவா?" என்றார். குளத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணிலயா?" என்று உறுதி செய்துகொண்டார். டிரம்மில் கரைத்துக் குளத்தைச் சுற்றி வந்து சொம்பு சொம்பாக நான் தெளித்ததைப் பார்த்தவர்கள், வீட்டில் ஏதோ தோஷம் என்று தெருமுனையில் பேசிக்கொண்டார்கள்.

மீன் வளர்ப்பு என்பது உண்மையில் தண்ணீர் வளர்ப்பு. சாணத்தின் சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளரும். அவற்றைத் தின்று மீன் வளரும். தண்ணீர் முதலில் கலங்கிய டீ நிறத்தில் கிடந்தது. பத்துப் பதினைந்து நாளில் ஒரு காலையில் லேசாகப் பச்சை காட்டியது. அதை அளக்க ஆய்வுக்கூடங்களில் செக்கி தட்டு என்று கறுப்பு வெள்ளை அடித்த ஒரு தட்டை இறக்குவார்கள். குளக்காரர்கள் கையை இறக்குவார்கள். கரையில் குப்புறப் படுத்து, உள்ளங்கையை விரித்து, முழங்கை முங்கும்வரை கையை நேராகத் தண்ணீருக்குள் விட வேண்டும். விரல்கள் பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரில் சாப்பாடு போதாது. மணிக்கட்டோடு கை மறைந்தால் அதிகம். இன்னும் சாணம் போட்டால் விடியற்காலையில் பிராணவாயு தீர்ந்து மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முழங்கை முங்கும்போது விரல்நுனி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அதுதான் பதம்.

தினமும் காலையில் நான் குளக்கரையில் குப்புறப் படுத்து ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருப்பதை அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலால் பார்த்துவந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் என் மனைவியை அழைத்து, "செயினைத் தேடுறாரா?" என்று கேட்டார். எந்தச் செயின் என்று மனைவி என்னிடம் கேட்டாள். அன்று மாலை வரை வீட்டில் நகைப் பெட்டி சரிபார்ப்பு நடந்தது.

தண்ணீர் பச்சை கட்டியதும், என்ன மீன் விடுவது என்பதில் ஊர் இரண்டுபட்டது. ஒரு கட்சி, "ஜிலேபி விடுங்க, காசே செலவில்ல, தானா பெருகும்" என்றது. ஜிலேபிக் கெண்டையின் தொல்லையே அந்தத் தானாகப் பெருகுவதுதான். மூன்று நாலு மாதத்தில் பிள்ளை பெற ஆரம்பித்து, குளம் முழுக்க விரல் நீளக் குடும்பங்களாக நிறைத்துவிடும். ஒன்றும் பெரிதாகாது. இன்னொரு கட்சி ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் காதோடு காதாகச் சிபாரிசு செய்தது. காதோடு சொன்னதற்குக் காரணம், நம் நாட்டில் அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. எதையும் தின்னும், கரை தாண்டியும் போகும். வாய்க்காலுக்குள் தப்பிவிட்டால் நாட்டு மீன்களின் கதை முடிந்தது.

நான் தேர்ந்தெடுத்தது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றுக்கும் ஒரே தண்ணீரில் சண்டை வராது. ரயில் பெட்டியில் அப்பர், மிடில், லோயர் பெர்த் ஒதுக்கியதுபோல கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். இந்த மூன்றும் ஆற்றில் வெள்ளம் வரும்போதுதான் முட்டையிடும், குளத்தில் இடாது. எனவே ஒரு காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சு பிடித்து வந்துதான் வளர்த்தார்கள், கலந்து வரும் கண்ட மீன்களோடு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு, இந்தக் கெண்டைகளை நிறுத்திவைத்த தண்ணீரிலேயே முட்டையிடச் செய்து காட்டினார்கள். ஜூலை 10-ஐ இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் போன பண்ணையில் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் நீந்தியது அந்த ஊசியின் புண்ணியத்தில்தான்.

ஹெக்டேருக்கு 10,000 விரலிகள் என்ற கணக்கில் எனக்கு 180 போதும்: கட்லா 72, மற்ற இரண்டும் 54, 54. பண்ணைக்காரர் என் துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, வழியில் போகிறது, வந்தபின் போகிறது எல்லாம் சேர்த்து 200 ஆகப் போட்டுத் தந்தார். பாலித்தீன் பைகளில் கால்வாசி தண்ணீரும் முக்கால்வாசி ஆக்சிஜனுமாக அடைத்துக் கட்டிய குஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற குழந்தை மட்டும் இறங்கும்வரை பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பையை அவிழ்த்து அப்படியே கொட்டிவிடக் கூடாது. கட்டிய பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளும் புறமும் சூடு ஒன்றான பின், பையின் வாயைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். பிறகு வாயைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே வெளியே நீந்தும். இந்த நேரத்துக்குள் கூடியிருந்த கூட்டத்தில் பொறுமை இழந்தவர்கள் பலர். "இறங்க மனசில்லாம உள்ளயே நிக்குது பாருங்க, பொண்ணு வீட்டுக்குப் போற மாப்ள கணக்கா" என்றார் பெரியப்பா. முதல் குஞ்சு வெளியே போனது. உடனே சரம் சரமாக எல்லாம் போயின. அடுத்த நிமிஷம் குளத்தில் ஒன்றையும் காணவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள் மனைவி. ஆறடி ஆழம், நூறு வண்டி மண், ஐந்து கிலோ சுண்ணாம்பு, நாற்பது கிலோ சாணம், பஸ் சார்ஜ் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தன.

விட்ட மறுநாளே மீன்கொத்தி வந்துவிட்டது. அதற்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொன்னதைவிட விரைவாகத் தகவல் போயிருக்கிறது. கொடிக்கம்பியில் உட்கார்ந்து என் பச்சைத் தண்ணீரை ஆராயும். பிறகு கொக்கு, நீர்க்காகம், தண்ணிப் பாம்பு, தவளை என்று வரிசை வந்தது. குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டினேன். நீர்க்காகம் இறங்க அது தடை. மீன்கொத்தி அதையே உட்காரும் கிளையாக வைத்துக்கொண்டது. மனிதக் குஞ்சுகளுக்காகச் சுற்றிலும் மூங்கில் பட்டை வேலியும், பூட்டு வைத்த படலும், கரையில் ஒரு கயிறு கட்டிய பழைய டியூபும் வைத்திருக்கிறேன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை.

தினமும் காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிசமமாகக் கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறேன். மூட்டம் போட்ட நாளில் போடுவதில்லை. வெயில் இல்லாத அன்று பாசி பிராணவாயு விடாது. வயிறு நிறைந்த மீனுக்குத்தான் மூச்சு அதிகம் தேவை. கொசு விஷயத்தில் மனைவி இதுவரை புகார் தரவில்லை. கொசுப்புழுவைத் தின்ன இருபது கப்பி மீன்களும் விட்டிருக்கிறேன். சாக்கு ஆடுவதைப் பார்ப்பதற்கென்று மாலையில் அவள்தான் முதலில் கரைக்கு வருகிறாள். குஞ்சுகள் உள்ளங்கை நீளம் தாண்டிவிட்டன. எட்டு பத்து மாதத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ வரும். தூண்டிலும் தயார்: மூங்கில் கழி, நெட்டித் தக்கை, கெண்டைக்கென்று சின்ன முள். கெண்டைக்கு மண்புழுவைவிட மாவு உருண்டை நல்லது. சோறும் புண்ணாக்கும் பிசைந்து கொஞ்சம் வெல்லம் சேர்க்க வேண்டும் என்று பெரியப்பா சொல்லித் தந்திருக்கிறார்.

உட்காருவதற்கு ஒரு கருங்கல் பலகையும் போட்டேன். அதில் எனக்கு இன்னும் இடம் கிடைத்தபாடில்லை. காலையில் பெரியப்பா, பத்து மணிக்குப் பால்காரர், மத்தியானம் மைத்துனர், மாலையில் பெண்கள். யாரும் எந்த வேலையும் செய்வதில்லை. யாரையும் யாரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதுமில்லை. எல்லோரும் குளம் பார்க்கிறார்கள். சரி, ஒருவனுக்காக வெட்டியது ஊருக்கே உதவட்டும் என்று நானும் நின்றபடியே பார்க்கிறேன்.

சிக்கல், பார்ப்பவர்கள் எல்லோரும் பங்கும் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான். பெரியப்பாவுக்கு மண் பார்த்த வகையில் பத்து, எல்லாம் தலையோடு. மைத்துனருக்கு ஈசானியத்தை நகர்த்திய வகையில் பதினைந்து. சாணம் கொடுத்த அம்மாவுக்கு, பம்புசெட்டுக்காரருக்கு, ஜேசிபி தம்பிக்கு, வேலிக்கு மேலால் பார்த்த வகையில் அடுத்த வீட்டுக்கு. சமாதானமாகி வந்துபோகும் சின்ன அத்தைக்கு, செம்புக்கு வட்டி சேர்த்து இருபது. விட்டது 200, பத்தில் எட்டு தேறினால் 160. வாக்குக் கொடுத்திருப்பதைக் கூட்டிப் பார்த்தேன்: 185. எங்கள் வீட்டுக்கு என்று ஒன்றும் அதில் இல்லை. துண்டு விழுகிற 25-ஐச் சரிக்கட்ட அடுத்த கோடையில் குளத்தை மேற்கே பத்தடி அகலப்படுத்தினால் போதும் என்கிறார் மைத்துனர். மேற்கே முருங்கை மரம் நிற்கிறது. அதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வருஷப் பஞ்சாங்கத்தில் இன்னும் ஒன்றும் அகப்படவில்லையாம்.